பொய் சொல்லாத அப்பா

எங்கள் அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையில் ஒரு யானையும் வேலை பார்த்தது. காலை ஷிப்டுக்குச் சரியாக வந்து, வாசலில் இருக்கும் பெட்டியில் தும்பிக்கையால் அட்டையைச் செருகி நேரம் பதித்துவிட்டு உள்ளே போகும். ஒருநாள் லேட்டாக வந்ததற்காக ஃபோர்மேன் அதைத் தெலுங்கில் திட்ட, தமிழ் மட்டுமே தெரிந்த அந்த யானை ஒன்றும் புரியாமல் தலையை ஆட்டிக்கொண்டு நின்றதாம். கேன்டீனில் அதற்குத் தனி வாளி உண்டு. குழம்பில் புளி அதிகமாகிவிட்டால் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொள்ளும். அதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் வேலைநிறுத்தம் செய்யக் கற்றுக்கொண்டார்கள் என்று அப்பா சொல்வார்.

யானை போக, மழை பெய்விக்கும் மெஷின் ஒன்றும் அங்கே இருந்தது. ஓசூரில் வெயில் காய்கிற சித்திரையிலும் திடீரென்று தூறல் விழும் இல்லையா, அதற்குக் காரணம் யாரோ தூக்கக் கலக்கத்தில் தப்பான பட்டனை அழுத்திவிட்டதுதான். துணி காயப்போட்ட நாளில் மழை வந்தால், நான் தொழிற்பேட்டைப் பக்கம் திரும்பி நின்று முறைப்பேன். பள்ளிக்கூடத்தில் இதை ஒருத்தி நம்பவில்லை என்பதற்காக அவளோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தேன்.

இப்படிப்பட்ட அப்பாவைத்தான் நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது இழந்தேன். அவர் சாகவில்லை. வீட்டைவிட்டு ஓடிப்போகவும் இல்லை. இரட்சிக்கப்பட்டார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஓசூரைச் சுற்றிப் புதிது புதிதாகத் தொழிற்சாலைகள் முளைத்துக்கொண்டிருந்தன. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த அப்பாவுக்கு அவற்றில் ஒன்றில் எலக்ட்ரீஷியன் வேலை. பாகலூர் சாலையை ஒட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் கன்னடம், அதற்கும் அப்பால் தெலுங்கு. பம்பு அடிக்கும் இடத்தில் மட்டும் மூன்றும் ஒன்றாகிச் சண்டை போடும். நாங்கள் பரம்பரைக் கிறிஸ்தவர்கள். ஆனால் அப்பா கிறிஸ்துமஸுக்கு மட்டும்தான் கிறிஸ்தவர். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் தகரக் கூரை போட்ட எங்கள் சிறிய ஆலயத்துக்கு அம்மாவும் நானும் போவோம். அப்பா சீட்டாடப் போவார்.

வேலை முடிந்து வரும்போது தெருமுனையிலேயே அவருடைய விசில் கேட்கும். சினிமாப் பாட்டு ஒன்றை முழுசாக, இடையில் வரும் வயலின் உட்பட, உதட்டாலேயே வாசித்துக்கொண்டு வருவார். நான் ஓடிப்போய் சைக்கிளின் முன்கம்பியில் ஏறிக்கொள்வேன். அவர் குடித்திருப்பார் என்பது எனக்குத் தெரியும். குடித்தால் அப்பா இன்னும் நன்றாகப் பொய் சொல்வார். குடியால் வேறு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.

சில சாயங்காலங்களில் விசில் இருக்காது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும் சத்தம் மட்டும் கேட்கும். அம்மாவுக்கு அது எப்படித்தான் கேட்குமோ, அடுப்பில் இருப்பதை அப்படியே இறக்கி வைத்துவிட்டு என்னைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். பக்கத்து வீட்டு அத்தை கன்னடக்காரர். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, “பா புட்டி, ஊட்டா மாடு” என்று சாப்பிடக் கூப்பிட்டு, சூடான ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போடுவார். எனக்குச் சாப்பாடு போட்டுவிட்டு ரேடியோவை வீடே அதிரும்படி வைப்பார். அங்கேயே தூங்கிவிடுவேன். அந்த நாட்கள் எனக்குத் திருவிழா மாதிரி. ரேடியோவை எதற்கு இவ்வளவு சத்தமாக வைக்கிறார் என்று ஒருமுறை யோசித்துப் பார்த்து, கன்னடக்காரர்களுக்குக் கொஞ்சம் காது மந்தம் போலிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன்.

காது மந்தமானது அம்மாவுக்குத்தான், இடது காது. சளி பிடித்து அப்படி ஆகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். எனக்குக் கல்யாணமாகி, பிள்ளையும் பிறந்து, தாய்வீட்டில் இருந்த ஒரு மத்தியானத்தில்தான் என்னிடம் உண்மையைச் சொன்னாள். அதையும் வேறு எதையோ சொல்ல வந்தவள்போல, பிள்ளையின் துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். களியும் குழம்பும் சாப்பிட்டுவிட்டு நான் தூங்கிய சாயங்காலங்களில் சுவருக்கு இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

அப்பா மாறியதற்கு வழி செய்தது மின்சாரம். பொங்கல் கழிந்த கையோடு எங்கள் சபையார் நெடுஞ்சாலை ஓரத்துக் காலி மைதானத்தில் பந்தல் போட்டு எழுப்புதல் கூட்டம் நடத்தினார்கள். தொழிற்சாலைகளில் மெஷின்கள் ஓடத் தொடங்கினால் ஊருக்கு வோல்டேஜ் விழும், அவை நின்றால் எகிறும். வாடகைக்கு எடுத்த மைக் செட் எரிந்துவிடக் கூடாது என்று, வோல்டேஜைக் கையால் திருகிக் கூட்டிக் குறைக்கும் பெட்டி ஒன்றை வைத்திருந்தார்கள். அதன் முள்ளைப் பார்த்தபடி ஒரு ஆள் திருகிலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குத்தான் போதகர் அப்பாவைத் தேடி வந்தார். வந்த நேரத்தில் அப்பாவின் கையில் சீட்டுக்கட்டு இருந்தது. அந்த வெட்கத்தில், யோசிக்காமல் சரி என்றுவிட்டார்.

மேடைக்குப் பின்னால், படுதாவுக்கு மறுபுறம், ஒரு ஸ்டூலில் அப்பா உட்கார்ந்திருந்தார். பாதியில் எழுந்து போய் ஊற்றிக்கொண்டு வர வழியில்லை. காதைப் பொத்திக்கொள்ளவும் கை ஓய்வாக இல்லை. பிரசங்கம் முழுவதும் அவருடைய தலைக்கு மேலேயே நடந்தது. மனம் திரும்புகிறவர்கள் முன்னால் வாருங்கள் என்று பிரசங்கியார் அழைத்தபோது பந்தலே அழுதது. பெஞ்சுகளைத் தள்ளிக்கொண்டு போய் முழங்காலில் விழுந்தார்கள். அப்பாவால் போக முடியாது, முள் ஆடிக்கொண்டிருந்தது. அப்படி முன்னால் போய் விழுந்தவர்களில் பாதிப்பேர் ஈஸ்டருக்குள் பழையபடி ஆகிவிட்டார்கள். இடத்தைவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தவர்தான் ஒரேயடியாக மாறிப்போனார். கூட்டங்களின் கடைசி நாளன்று எங்களை சைக்கிளில் வைத்து, விசில் இல்லாமல் தள்ளிக்கொண்டு வந்தார். அம்மா என்னைத் தன்னோடு இறுக்கிப் பிடித்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட அவள் கையை உயர்த்தினாள். அப்பா, “வேணாம், தூங்கட்டும் அவங்க,” என்றார்.

அந்தப் பிரசங்கியார் ஒன்றை அழுத்தமாகச் சொல்லியிருந்தாராம். ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டால் மட்டும் போதாது, யாருக்கு எதிராகத் தப்புச் செய்தீர்களோ அவரிடமே நேரில் போய்ச் சொல்லி ஒப்புரவாக வேண்டும். மற்றவர்கள் இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அப்பா எலக்ட்ரீஷியன். ஒரு கட்டடத்தில் எங்கே கோளாறு என்று ஒவ்வொரு லைனாகக் கழற்றிப் பார்க்கிற ஆள். அந்த மாதிரியே ஆரம்பித்தார்.

முதலில் தொழிற்சாலையிலிருந்து வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்த கட்டிங் பிளேயரையும் வயர்ச் சுருளையும் கொண்டுபோய் ஸ்டோரில் வைத்தார். ஸ்டோர்கீப்பர் நடுங்கிவிட்டார். எப்போதோ கணக்கில் சரிக்கட்டிவிட்ட சாமான் இப்போது திரும்பி வந்தால்தான் தன் வேலை போகும் என்று அவர் கெஞ்ச, அப்பா மன்னிப்பை மட்டும் அங்கே விட்டுவிட்டுச் சாமானோடு திரும்பினார். பிறகு சீட்டு நண்பர்களிடம் போய், ஜோக்கர் அட்டையின் மூலையில் நகத்தால் கீறி அடையாளம் வைத்திருந்ததைச் சொன்னார். அதுவரை அவரைக் கேலி மட்டும் செய்துகொண்டிருந்தவர்கள், அன்றோடு பேச்சையே நிறுத்திக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு அத்தையிடம் வாசலிலேயே நின்று என்னவோ சொன்னார். அத்தை முகத்தைத் திருப்பியபடியே காதில் வாங்கிக்கொண்டார்.

அம்மாவிடம் அவர் சொன்னதை நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். அம்மா ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். அப்பா பக்கத்தில் தரையில் மண்டிபோட்டிருந்தார். அவர் பேசியது எனக்குக் கேட்கவில்லை. அவர் உட்கார்ந்திருந்தது அம்மாவின் இடது பக்கம் என்பதால் அவளுக்கும் எவ்வளவு கேட்டதோ தெரியாது. குழவியைச் சுற்றுவதை அவள் நிறுத்தவே இல்லை. கடைசியில், “எழுந்திரிங்க. மாவு வழியுது, தள்ளிக்கிங்க,” என்றாள். அவ்வளவுதான்.

என் முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது. கறிக்குழம்பு சாப்பிட்டு முடித்து, அப்பா என்னைக் கட்டிலில் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். ஆலயத்துக்குப் போட்டுப் போன வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றவில்லை.

“பாப்பா, அப்பா உன்கிட்ட ஒன்னு சொல்லணும். எங்க கம்பெனியில யானை கெடையாது.”

“ஏன், வேற கம்பெனிக்குப் போயிடுச்சா?”

“இல்ல கண்ணு. எப்பவுமே இருந்ததில்ல. நான் பொய் சொன்னேன்.”

“நேத்து இருந்துச்சில்ல?”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, தயார் செய்து வைத்திருந்தவர்போல ஒவ்வொன்றாகச் சொன்னார். மழை மெஷின் பொய். ஃபோர்மேன் பல்பை விழுங்கி வயிறு வெளிச்சமானது பொய். சூளகிரி மலையைச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருப்பது பொய். என் பால்பல்லை டிரான்ஸ்ஃபார்மரில் போட்டதால்தான் தெருவிளக்கு அவ்வளவு பளிச்சென்று எரிகிறது என்பதும் பொய். அவர் சொல்லச் சொல்ல எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சிலவற்றை நானே மறந்திருந்தேன், அவற்றையும் நினைவுபடுத்திவிட்டுப் பறித்துக்கொண்டார்.

“அப்பாவ மன்னிச்சிடுறியா?”

“சரி. வேற யானைக் கதை சொல்லு.”

“இனிமே பொய் சொல்ல மாட்டேன் பாப்பா. ஆண்டவருக்கு வாக்குக் குடுத்துட்டேன்.”

ஆண்டவர்மேல் எனக்கு அப்படியொரு கோபம் அதற்கு முன்பும் வந்ததில்லை, அதற்குப் பிறகு பெரிய பெரிய காரணங்கள் இருந்தும் வந்ததில்லை. என் அப்பாவின் யானையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்யப்போகிறார் என்று இருந்தது.

புது அப்பா நல்லவர்தான். குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தார். ஷிப்டு முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்தார். ஆனால் விசில் இல்லாமல் வந்தார். வந்து கை கால் கழுவிவிட்டு, வேதப் புத்தகத்தை மடியில் வைத்து, எழுத்துக்கூட்டிப் படிப்பார். படித்த வரியிலேயே நின்றுவிட்டு வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். என்னிடம் என்ன பேசுவது என்றே அவருக்குத் தெரியவில்லை. “நல்லாப் படிக்கிறியா பாப்பா?” என்று கேட்பார். படிக்கிறேன் என்பேன். அடுத்த நாளும் அதையே கேட்பார். பொய்யை எடுத்துவிட்டால் அவரிடம் எனக்காக மிஞ்சியது அந்த ஒரு கேள்விதான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம் என்று மூன்று பேரும் முழங்காலில் நிற்போம். என் முட்டி வலிக்கும், சோறு ஆறும், அப்பா ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடி ஜெபிப்பார்.

சபையில் எல்லோரும் அவரைப் புது மனுஷன் என்று கொண்டாடினார்கள். எனக்கு என் பழைய ஆள் வேண்டியிருந்தது. தெருமுனையில் எவனாவது விசிலடித்துக்கொண்டு போனால் பாடப் புத்தகத்தைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன். வேறு யாராவது இருப்பார்கள். அந்த ஏமாற்றத்தை இன்றைக்கும் என்னால் நெஞ்சில் தொட்டுப் பார்க்க முடிகிறது.

அம்மாவோ கொஞ்ச காலம் எதையும் நம்பவில்லை. அப்பா வரும் நேரம் நெருங்கினால் என்னைப் பழையபடி பக்கத்து வீட்டுக்கு அனுப்பிக்கொண்டுதான் இருந்தாள். ஒருநாள் அப்பா அங்கேயே வந்து, வாசற்படியில் நின்று, “பாப்பாவக் கூட்டிட்டுப் போவட்டுங்களா?” என்று அனுமதி கேட்டார். பக்கத்து வீட்டு அத்தை அவரை மேலும் கீழும் பார்த்து, வாயருகே முகத்தைக் கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டுத்தான் என்னை விட்டார். அதன் பிறகு அம்மா என்னை அனுப்பவில்லை. ஆக, களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போயிற்று. இரட்சிப்பால் எனக்கு நஷ்டத்துக்கு மேல் நஷ்டம்.

மாசியில் ஓசூர் மலைக்கோயில் தேர் வந்தது. நாங்கள் கிறிஸ்தவர்கள் என்றாலும் தேருக்குப் போகாமல் இருந்ததில்லை. ஊரே போகும், மூன்று மாநிலத்துக் கூட்டமும் வரும், பழைய அப்பா என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, தேரை இழுப்பதே தன் கம்பெனி யானையின் தம்பிதான் என்பார். அந்த வருடமும் போகலாம் என்று கேட்டேன். அப்பா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“அங்க நம்ம பழைய ஆளுங்க எல்லாம் இருப்பாங்க பாப்பா. போனா நான் திரும்பி வர மாட்டேன்.”

கூட்டத்தில் தொலைந்துபோய்விடுவார் என்று பயப்படுகிறார் என நினைத்துக்கொண்டேன். “நான் கையைப் பிடிச்சிக்கிறேன்பா. விடவே மாட்டேன்,” என்றேன். அப்பா என்னை அப்படியே இழுத்து அணைத்துக்கொண்டார். சட்டையில் வெறும் சோப்பு வாசனைதான் அடித்தது. பழைய அப்பாவின் வாசனை அதில் கொஞ்சமும் இல்லை. தேருக்குப் போகவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் லெந்து காலத்தில் எங்கள் சபையில் வீட்டுக்கு வீடு ஜெபக்கூட்டம் நடக்கும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமை சாயங்காலமும் ஒரு வீடு. அதுவரை அம்மா எங்கள் வீட்டுக்குக் கூட்டம் கேட்டதே இல்லை. அப்பா எந்த நிலையில் வந்து நிற்பாரோ என்ற பயம்தான். அந்த வருடம் முதல்முறையாகக் கேட்டாள். பக்கத்து வீட்டிலிருந்து பாய் வாங்கி விரித்து, சுண்டல் தாளித்து, இரும்பு நாற்காலி ஒன்றை போதகருக்கென்று துடைத்துப் போட்டு வைத்தாள். என் தலையில் கனகாம்பரம் வைத்துவிட்டாள். அவள் அவ்வளவு மும்முரமாக இருந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டு, சாட்சி எல்லாம் முடிந்ததும், யாருக்கு என்ன தேவையோ அதை ஒரு வரியில் ஜெபக் குறிப்பாகச் சொல்வார்கள். எல்லோரும் சொல்லி முடித்த பிறகு, ஒவ்வொரு குறிப்பையும் வேறொருவர் “நான் எடுத்துக்கிறேன்” என்று ஏற்றுக்கொண்டு, அதற்காக வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். குறிப்பு கொடுத்தவருக்கு அதோடு பாதிப் பாரம் இறங்கிவிடும்.

அன்று ஒருவர் வேலை நிரந்தரமாக வேண்டும் என்றார். தெலுங்கு பேசும் ஒரு சிஸ்டர் தன் முழங்கால் வலியைச் சொன்னார். ஒருவருடைய கம்பெனியில் கதவடைப்பு, அது திறக்க வேண்டும். ஒரு பெண்ணுக்கு வரன் அமைய வேண்டும். போதகர் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, “சின்னப் பிள்ளைங்க ஜெபத்த ஆண்டவர் சீக்கிரம் கேப்பாரு. பாப்பா, உனக்கு என்ன வேணும்?” என்றார்.

பரீட்சையில் பாஸாக வேண்டும் என்று சொல்லும்படி அம்மா முன்னமே எனக்குச் சொல்லித் தந்திருந்தாள். சீக்கிரம் கேட்பார் என்று போதகரே சொன்ன பிறகு, அந்த வாய்ப்பைப் பரீட்சையில் வீணடிக்க எனக்கு மனம் வரவில்லை.

“எங்க பழைய அப்பா திரும்பி வரணும்,” என்றேன்.

சுண்டல் தட்டைக் கையில் எடுத்திருந்த யாரோ அதைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்கள். போதகர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். “பழைய மனுஷன் போயிட்டாரும்மா, இனிமே வர மாட்டாரு, அதுக்குத்தான நாம எல்லாரும் சந்தோஷப்படுறோம்,” என்றார். அவருக்குச் சரியாகப் புரியவில்லை போல என்று நினைத்து, இன்னும் விளக்கமாகச் சொன்னேன்.

“விசிலடிக்கிற அப்பா. பொய் சொல்ற அப்பா. அவருதான் வேணும். இவரு வேணாம்.”

அம்மா என் தொடையைக் கிள்ளவில்லை, முறைக்கவில்லை. அப்படியே சுவரோடு சாய்ந்துவிட்டாள். எவ்வளவு வேலை செய்து களைத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

குறிப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் நேரம் வந்தது. முழங்கால் வலியை ஒருவர் எடுத்துக்கொண்டார். கதவடைப்பை எடுத்துக்கொள்ள இரண்டு பேர் போட்டி போட்டார்கள். வேலை, வரன் எல்லாம் கைமாறிவிட்டன. என்னுடையது மட்டும் நடுவில் கிடந்தது. போதகர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அந்த முகங்கள் எல்லாம் பாயைப் பார்த்தன. என் குறிப்பை யாரும் எடுக்கவில்லையே என்று எனக்கு அவமானமாக இருந்தது.

வாசல் பக்கம், செருப்புகளை ஒட்டி உட்கார்ந்திருந்த அப்பா, “பாப்பாவோடத நான் எடுத்துக்கிறேன் ஐயா,” என்றார்.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். மற்ற ஜெபங்கள் முடிந்து அப்பாவின் முறை வந்தது. பம்படியில் யாரோ குடத்தை வைக்கும் ஓசை கேட்டது. நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அப்பா முழங்காலில் நின்று, இரண்டு கையையும் தரையில் ஊன்றியிருந்தார். பிறகு, எப்போதும்போலத் தேடித் தேடி ஆரம்பித்தார்.

“ஆண்டவரே, எம் பொண்ணு ஒருத்தனக் கேக்குறா. அவன் எப்பேர்ப்பட்டவன்னு உமக்குத் தெரியும். அவன் அவளச் சிரிக்க வெச்சான். எனக்கு அது வரல. நான் என்ன செய்வேன் சாமி. அவ கேக்கிற அப்பாவ அவளுக்குக் குடுத்துடும்.” அங்கே நின்றுவிட்டார். “அவங்க அம்மாவுக்கு மட்டும் அவனக் குடுத்துடாதேயும். அவளுக்கு வேணாம். அவள அவன்கிட்டருந்து காப்பாத்தும். ஆமென்.”

அந்த ஜெபத்தில் எனக்கான பாதி, கொஞ்சம் கேட்கப்பட்டது என்றுதான் சொல்ல வேண்டும். ஈஸ்டர் கழிந்து ஒருநாள் அப்பா சைக்கிளில் என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகும்போது, “ஒரு கதை சொல்றேன். ஆனா இது நடந்ததில்ல பாப்பா, முன்னாடியே சொல்லிடுறேன்,” என்று ஆரம்பித்தார். ஒரு நரி வந்தது, ஒரு காகம் வந்தது. இடையிடையே, “இதுவும் நடந்ததில்ல,” என்று ஞாபகப்படுத்திக்கொண்டே வந்தார். அவர் போகும்வரைக்கும் எனக்குச் சொன்ன கதைகள் எல்லாம், பிறகு என் பிள்ளைகளுக்குச் சொன்னவையும், அப்படித்தான் இருந்தன. பழைய கதைகள் போல அவை ஒருநாளும் அமையவில்லை. நல்ல அப்பாவோடு முப்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தேன், அவரை நேசித்தேன், அவருடைய சவப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு கதறினேன். ஆனாலும் கனவில் வருகிறவர் அந்த இன்னொருவர்தான். வந்தால் நான் சந்தோஷப்படுகிறேன். அம்மாவிடம் மட்டும் சொல்வதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்கு இவையெல்லாம் எங்கே தெரியும். அப்பா ஜெபத்தை முடித்ததும் எல்லோரும் ஆமென் சொன்னார்கள். எப்போதும் உதட்டுக்குள்ளேயே ஆமென் சொல்லும் அம்மா, அன்று மற்ற எல்லோரும் சொல்லி முடித்த பிறகு, தனியாக, சத்தமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எனக்கு அம்மாவைப் பார்க்க மிகவும் பாவமாக இருந்தது. எனக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு, அம்மாவுக்கு மட்டும் வேண்டாம் என்று இத்தனை பேருக்கு முன்னால் அப்பா சொல்லிவிட்டாரே. யானையும் மழையும் விசிலும் எல்லாம் எனக்கு, அவளுக்கு ஒன்றுமே இல்லையா. காலையிலிருந்து வீட்டைக் கூட்டி மெழுகிச் சுண்டல் செய்தவள் அவள்தானே. அதற்கும் அவள் ஆமென் சொல்கிறாள் பார், என்ன நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

வந்தவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அம்மா பாய்களை உதறிச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அப்பா தெருமுனைவரை போதகரை வழியனுப்பப் போயிருந்தார். நான் கட்டிலுக்குப் பின்னால் போய், யாரும் சொல்லாமலே முழங்காலில் நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அப்பா கேட்டதில் இரண்டாவது பாதியைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டாம் என்று ஆண்டவரைக் கெஞ்சினேன். எங்கள் அம்மா ரொம்ப நல்லவள், அந்தப் பழைய அப்பாவை அவளுக்கும் கொடும், எனக்குக் கொடுப்பதைவிட அதிகமாகவே கொடும் என்று, கண்ணீர் வழிய வழியக் கேட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு மனதாரச் செய்த ஜெபம் வேறு இல்லை.